கதைச்சவை

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
விஜயபுரத்து மாடியறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு
ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.
பனி பெய்யும் ஒரு தேசத்தில் அப்போது பகல்.
நிமிடத்துக்கு இருபத்திரண்டு ரூபாய்.
சத்தியப் பிரமாணம் முதலில் எனக்குத்தான்:
கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன்.

அறையில் யார் யார் என்று தெரியாது.
நீதிபதியின் இருமல் தெரியும்.
அரசு வக்கீல் பேனாவால் மேசையைத் தட்டுவது தெரியும்.
அவள் பெயரைக் குறித்துக்கொள்ளக் கூடாது.
முடிந்ததும் தாளைக் கிழித்துவிட வேண்டும்.
கதவு சாத்திய விசாரணை.
அவள் பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள்,
இருக்கலாம்.

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம்.
"அங்கே என்ன சத்தம்?" என்றார் நீதிபதி.
ஓடம்போக்கி ஆற்றுத் தவளைகள், ஐயா.
அது பதிவில் ஏறியது.

அவள் சொன்னாள்:
"பெடியள் வீட்டை வந்தவை.
அப்பாவோட கதைச்சவை.
பிறகு அவரைக் காணேல்லை."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள்.
அப்பாவிடம் கதை சொன்னார்கள்.
பிறகு அவரைக் காணவில்லை.

என்ன கதை, என்றார் நீதிபதி.

"கதையொண்டும் இல்லை ஐயா,
கதைச்சவை எண்டுதான் சொன்னனான்."

கதை எதுவும் இல்லை,
கதை சொன்னார்கள் என்றுதான் சொன்னேன்:
அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
பேனா தட்டுவது நின்றது.
எழுத ஆரம்பித்துவிட்டது.

பதினேழு நாள் கழித்து
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது
முன்சீட்டுப் பெண் போனை வைக்கப் போனாள்.
"சரி, பிறகு கதைக்கிறன்."

நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி
போய்க்கொண்டே இருந்தது.
நாற்பத்திரண்டு பெட்டி.
பேசினார்கள்.
அப்பாவோடு பேசினார்கள்.
அவ்வளவுதான் அவள் சொன்னது.

கம்பெனிக்கு எழுதினேன்.
வழக்கு முடிந்துவிட்டது என்று பதில்.
ரகசியம் என்னையும் கட்டுப்படுத்துமாம்.
ஒலிப்பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை
விண்ணப்பதாரருக்கு மட்டுமாம்.
எந்தச் சொல் எங்கே கெட்டது என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?
அவள் காதில் விழுந்த தமிழில் பிழையே இல்லை.

எங்கள் ஊர்ப் பசுவுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது.
கன்று செத்த அன்று கொம்பால் மணியை இழுத்ததாம்.
கல்தேர் பார்க்க வரும் பிள்ளைகளிடம்
வாத்தியார்கள் ராஜாவைப் பற்றியே பேசுகிறார்கள்.
மணி தெருவைப் பார்த்துத் தொங்கியது,
அதைச் சொல்வதில்லை.

முறைத்தண்ணீர் விடுகிற நாளில் பாருங்கள்,
லஸ்கர் ஷட்டரைத் திருப்பும்போது
கடைமடைக்காரர் சைக்கிளில் வந்து நிற்பார்.
எத்தனை சுற்று என்று சத்தம்போட்டு எண்ணுவார்.
லஸ்கர் அவருக்கு மச்சான் முறைதான்.
இருந்தாலும் எண்ணுவார்.
லஸ்கரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேற்று வேறொரு வழக்கு. வயதான ஆண்குரல்.
ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன்.
பிரமாணம் முடிந்த கையோடு சொன்னேன்:
"ஐயா, நான் திருவாரூர். உங்க ஊர்த் தமிழ்
எனக்கு முழுசா வராது.
தப்பாப் போகுதுன்னு தோணினா நிறுத்துங்க."

மொழிபெயர்ப்பாளர் என்ன பேசினார்?
நீதிபதி குரல் உயர்ந்தது.
என்னையே மொழிபெயர்த்தேன்,
சொல் சொல்லாக.
கை நடுங்கியது, நிமிடக் கூலி ஓடிக்கொண்டிருந்தது.
இருமல்.
பிறகு, எழுதுங்கள் என்று யாரிடமோ சொன்னார்.

அந்தப் பக்கம் பெரியவர் தொண்டையைச் செருமினார்.
"விளங்குது தங்கச்சி.
ஆறுதலாக் கதைப்பம்."

ஆங்கிலத்துக்கு வாயெடுத்தவள்
நிறுத்தினேன்.

"ஆறுதலான்னா
உங்க ஊர்ல என்ன, ஐயா?"